விரல் வைத்த இடம்

முருகம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கருவேலநத்தம் கிழக்குத் தெருவில் அவள் வயதுப் பொம்பளைகள் எல்லாரும் மைப்பெட்டியில் பெருவிரலை அமுக்குகிறவர்கள். இவள் ஒருத்திதான் பேனாவைக் கேட்டு வாங்கி, மூடியைக் கழற்றிப் பின்னால் மாட்டி, 'செ. முருகம்மாள்' என்று ஒரு புள்ளி குறையாமல் எழுதுவாள். சின்னப் பிள்ளையாக இருக்கையில் அறிவொளி வகுப்பில் கற்றது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. யாராவது அவசரத்தில் மைப்பெட்டியை நீட்டினால், "பேனா இல்லையாக்கும்?" என்று கேட்டுவிட்டு நிற்பாள். அந்தப் பெருமைதான் வீட்டைப் பூட்டியது என்று அவள் புருஷன் செல்லச்சாமி பிறகு சொன்னான். அவன் சொன்னதில் பாதி நிஜம். மீதிப் பாதிக்கு அரசாங்கம் பொறுப்பு.

ஆவணி பிறந்து ஒன்பதாம் நாள், காலைப் பதினொரு மணிக்கு மேலத் தெருவில் செல்லக்கனி வீடு வெடித்தது. லைசென்ஸ் உள்ள பட்டாசுக் கம்பெனியில் அடைக்க வேண்டிய வெடிமருந்தை வீட்டுக்குள் களவாக அடைத்திருக்கிறார்கள். தீபாவளி ஆர்டர் கழுத்தைப் பிடித்ததில் எவனோ ஒரு ஏஜெண்டு சாக்கில் கட்டிக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான். செல்லக்கனியும் அவள் கொழுந்தன் பெண்சாதியும் போய்விட்டார்கள். செல்லக்கனி, முருகம்மாளோடு கம்பெனியில் ஒரே அறையில் நாலு வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்தவள். முருகம்மாளுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் ஜீப்புகள் வந்தன. தாசில்தாரும் வருவாய் ஆய்வாளரும் போலீசும் வீடு வீடாகப் புகுந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் முருகம்மாளும் நினைத்தாள். இப்படி முன்னமே புகுந்து பார்த்திருந்தால் செல்லக்கனி இருந்திருப்பாள் என்று பக்கத்து வீட்டுக் குருவம்மாளிடம் சொல்லவும் செய்தாள். தன் வீட்டுக்கு வந்தபோது அவளே கதவைத் திறந்து விட்டாள். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? வீட்டில் அவள் செய்வது குழாய் உருட்டுகிற வேலை. காகிதத்தைக் கம்பியில் சுற்றிப் பசை தடவி, பலகையில் வைத்து உருட்டி, கம்பியை உருவினால் வெடிக்குழாய் ஆயிற்று. காய்ந்ததும் கட்டுக் கட்டாகக் கம்பெனிக்குப் போகும். மருந்து அங்கேதான் போடுவார்கள். இங்கே இருப்பது காகிதமும் மைதாப் பசையும்தான். கம்பெனியில் வேலை இல்லாத நாளெல்லாம், எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருபது வருஷமாக உருட்டுகிறாள். அடுப்பிலிருந்து பொறி பறந்தால் குழாய் கருகும், அவ்வளவுதான்.

வருவாய் ஆய்வாளர் ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தார். "இதென்னம்மா?"

"வெடிக்குளாய் சார். வெறுங்குளாய்."

அவர் பலகை மேல் காகிதம் வைத்து எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு காகிதத்தை அவள் பக்கம் திருப்பிக் கீழே ஒரு இடத்தில் விரலை வைத்தார். "இங்கன ஒரு ரேகை வைம்மா."

"எனக்குக் கையெளுத்தே வரும் சார். பேனாவக் குடுங்க."

கம்பெனிப் பழக்கம் அது. திங்கட்கிழமை காலையில் போர்மேன் ஒரு நோட்டைக் கொண்டுவருவார். பாதுகாப்புப் பயிற்சி பெற்றோம் என்று ஒன்று, கையுறை வாங்கிக்கொண்டோம் என்று ஒன்று, முதலுதவி வகுப்பில் கலந்துகொண்டோம் என்று ஒன்று. பயிற்சியும் கிடையாது, கையுறையும் கிடையாது. போர்மேன் விரலை எங்கே வைக்கிறாரோ அங்கே போட்டுவிட்டு வேலைக்கு உட்கார வேண்டும். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க நின்றால் பின்னால் இருக்கிறவள், "ஏளா, இவ பெரிய கலெக்டரு, வாசிச்சுட்டுத்தான் போடுவா" என்பாள். இருபது வருஷமாக விரலைப் பார்த்துப் போட்ட கை, அன்றைக்கும் விரலைப் பார்த்துப் போட்டது.

போட்டு முடித்து மூடியைத் திருகுகிறாள், "பத்து நிமிசத்துல சாமான எடுத்துக்கம்மா" என்றார் வருவாய் ஆய்வாளர்.

"எதுக்கு சார்?"

"வீட்டச் சீல் வைக்கணும்ல."

அரிசி மூட்டை, அடுப்பு, இரண்டு குடம், துணி. பத்து நிமிஷத்தில் ஒரு வீட்டிலிருந்து அவ்வளவுதான் எடுக்க முடியும். செல்லச்சாமி வெளியே வந்த பிறகும் உள்ளே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். உத்தரத்தில் அவன் புதிதாக அடித்திருந்த தொட்டில் கொக்கி இருந்தது. அதைக் கழற்றப் பத்து நிமிஷம் போதாது. கதவைச் சாத்திப் பூட்டி, பூட்டைத் துணியால் சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றினார்கள்.

கொக்கி மாரிசெல்விக்காக அடித்தது. ஒரே மகள். மல்லாங்கிணற்றில் அன்பரசன் என்ற பையனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். விருதுநகரில் மிளகாய் வத்தல் லோடு ஏற்றும் வண்டி ஓட்டுகிறான், தங்கமான பையன். மாரிசெல்விக்கு அப்போது ஆறு முடிந்து ஏழாம் மாசம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வர வேண்டும். பெற்றெடுத்து, மூன்று மாசம் அம்மா கையால் பத்தியச் சோறு தின்று, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும். முருகம்மாளுக்கு அவள் ஆத்தாள் செய்தாள், முருகம்மாள் மாரிசெல்விக்குச் செய்ய வேண்டும். வீடு பூட்டிக் கிடந்தால் எங்கே கூட்டிவந்து வைப்பது? அன்றையிலிருந்து அவள் மனசில் ஓடியது இது ஒன்றுதான்.

புருஷனும் பெண்சாதியும் பஞ்சாயத்துச் சமுதாயக்கூடத்தில் ஒதுங்கினார்கள். கூடத்துக்குத் தகரக் கூரை, பகலில் உட்கார முடியாது. ஆனாலும் பகலெல்லாம் கூட்டம்தான். தெருப் பொம்பளைகள் வீட்டுக்குள் உருட்டப் பயந்துகொண்டு, பலகையும் பசை டின்னுமாகச் சமுதாயக்கூடத்துக்கே வந்துவிட்டார்கள். கம்பெனி ஏஜெண்டும் காகிதத்தை அங்கேயே இறக்கினான். விஏஓ மணிகண்டராஜ் ஒருநாள் தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்தவர், குழாய்க் கட்டுகளைத் தாண்டித் தாண்டிக் கால் வைத்து நடந்து போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிழக்குத் தெருவில் பூட்டியது நாலு வீடு. இலவசச் சட்ட உதவி என்று ஒரு வக்கீலம்மா வந்தாள். கீர்த்திகா என்று பேர், முப்பது வயசு இருக்கும். அவள் அப்பாவுக்கு விருதுநகர் பஜாரில் மல்லி, மிளகாய் மொத்த வியாபாரம். மதுரையில் ஐகோர்ட்டில் தொழில் பார்க்கிறாள். வந்தவள் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து கடுங்காப்பி வாங்கிக் குடித்தாள். நாலு வீட்டுக் காகிதத்தின் நகலையும் வாங்கிப் பார்த்தவள், முருகம்மாளுடையதைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இதுல என்ன எளுதியிருக்குன்னு தெரியுமா?"

"சொல்லுங்கம்மா."

"'எனக்கு முறையாக அறிவிப்புக் கொடுக்கப்பட்டது. என் தரப்பு கேட்கப்பட்டது. வீட்டைப் பூட்டி முத்திரையிட எனக்கு ஆட்சேபணை இல்லை.' அடில உங்க கையெளுத்து."

செல்லச்சாமி சிரித்தான். சிரிக்க வேண்டிய இடமா அது? "புள்ளி வச்சிருக்காளாம்மா?" என்றான்.

"வச்சிருக்காங்க."

"வைப்பா."

வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னாள். "அண்ணே, அரசாங்கத்துக்குப் பூட்ட அதிகாரம் இருக்கு. ஆனா அதுக்கு ஒரு எல்லை இருக்கு. ஒருத்தர் வீட்டயோ பொளப்பயோ பறிக்கணும்னா மொதல்ல காரணம் சொல்லணும், அவுக சொல்றதக் காது குடுத்துக் கேக்கணும். அதுக்குப் பெறகுதான் எதுவும் செய்யலாம். அரசாங்கத்துக்கே போட்ட கட்டுப்பாடு இது. அதுதான் அரசியல் சட்டம்."

முருகம்மாள் யோசித்தாள். "எங்க கம்பெனில ரூமுக்கு ரூம் எளுதிப் போட்டிருக்கும்மா. இந்த அறையில் நான்கு பேர் மட்டும்னு. அது மாதிரியா?"

"அதேதாங்க்கா! மொதலாளியே ஆனாலும் நாலு பேருக்கு மேல உக்கார வைக்கக்கூடாதுல்ல?"

"சீசன்ல ஏளு பேரு உக்காந்திருப்போம்மா."

வக்கீலம்மா ஆறிப்போன காப்பியைக் கையில் எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டரு வந்தா மூணு பேரு பின்வாசல் வளியா எறங்கி வேப்பமரத்தடில போய் நின்னுக்கிருவோம். அவரு நாலு தலய எண்ணிப் பாத்துட்டு எளுதிட்டுப் போவாரு. அவரு வண்டி கேட்டத் தாண்டுனதும் திரும்ப வந்து உக்காந்துக்கிருவோம்." குறையாகச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"இங்க இன்ஸ்பெக்டரு கோர்ட்டுக்கா," என்றாள் கீர்த்திகா கடைசியில். "அவுகள ஏமாத்துறது கஷ்டம்."

வழக்குப் போட்ட இரண்டாம் வாரத்தில் ஒரு அதிசயம் நடந்தது. ரேகை வைத்த மூன்று வீட்டையும் அரசாங்கமே திறந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டியதாகக் காகிதத்தில் ஒரு வரி இருக்க வேண்டுமாம். அவசரத்தில் அதை எழுதாமல் விட்டுவிட்டார்கள், அது கோர்ட்டில் நிற்காது. முருகம்மாள் காகிதத்துக்கு அந்த வரி தேவையில்லை. அவள் படித்தவள்.

திறந்த மூன்றில் குருவம்மாள் வீடும் ஒன்று. அவள் வாசலைத் தெளித்துக்கொண்டே சத்தம் கொடுத்தாள். "ஏளா முருகு, விரல அமுக்குனவ வீட்ல அடுப்பு எரியுது. பேனா கேட்டவ நடுத்தெருவுல நிக்கா. அடுத்த பிறவிலயாச்சும் படிக்காம இரு." கேலிதான். சொல்லிவிட்டு அவளே ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் வீடு ஒற்றை அறை, ஆறு பேர். இல்லாவிட்டால் மாரிசெல்வியை அங்கேயே வைத்துக்கொள் என்று சொல்லியிருப்பாள். சொல்ல முடியாத சங்கடம் அவளுக்கும் இருந்தது.

மாரிசெல்வி தினமும் போன் பண்ணினாள். "எம்மா, தொறந்துட்டாகளா?"

"தொறந்துருவாக."

"எனக்குக் காலெல்லாம் வீங்குதும்மா. ஒன் கையால உருவிவிட்டாத்தான் தூக்கம் வரும்."

"இன்னும் பத்து நாளுதான் தாயி. கேசு எடுத்துட்டாகன்னு வக்கீலம்மா சொல்லிட்டாக."

புரட்டாசிக் கடைசியில் வழக்கு வந்தது. விடிகாலை பஸ் ஏறி இரண்டு பேரும் மதுரைக்குப் போனார்கள். கோர்ட்டில் பெரிய பெரிய மின்விசிறிகள், கறுப்புக் கோட்டுகள், யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பேசியதெல்லாம் இங்கிலீஷ். முருகம்மாள் பின் வரிசையில் சுவரோரமாக நின்றாள். அரசாங்க வக்கீல் ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். அது தன் கையெழுத்துதான் என்று அங்கிருந்தே அவளுக்குத் தெரிந்தது. ஊரில் ஒருத்தரும் மெச்சாத கையெழுத்தை அங்கே எல்லாரும் மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தார்கள்.

கீர்த்திகா எழுந்து பேசினாள். இத்தனை நாள் பாயில் உட்கார்ந்து காப்பி குடித்த பிள்ளையா இது என்றிருந்தது. குரல் ஏறவில்லை, ஆனால் விடவும் இல்லை. நீதிபதி இடையில் ஏதோ கேட்டார், இவள் ஒரு பழைய புத்தகத்தில் கொடி வைத்த பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

வெளியே வராண்டாவில் வைத்து விவரம் சொன்னாள். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, நம்ம ஜெயிச்சுட்டோம்."

"நெசமாவா?"

"அரசு வக்கீலு என்ன சொன்னாரு தெரியுமா? இந்தம்மா படிச்சவங்க, உரிமை வேண்டாம்னு அவுகளே கையெளுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்கன்னாரு. நான் சொன்னேன், அடிப்படை உரிமைங்கிறது விட்டுக்குடுக்கக்கூடிய பொருளே இல்ல. அது அரசாங்கத்துக்குப் போட்ட வேலி. ஒரு ஆளு கையெளுத்துப் போட்டா அரசாங்கத்தோட வேலி காணாமப் போயிருமா? அறுவது வருசத்துக்கு முன்னாலயே பெரிய கோர்ட்டு சொல்லிருச்சு. நீங்களே வேண்டாம்னாலும் அது ஒங்கள விட்டுப் போகாது. ஜட்ஜ் அத ஏத்துக்கிட்டாரு. ஒங்களக் கேக்காமப் பூட்டுனது தப்புன்னுட்டாரு."

முருகம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தான் போட்ட கையெழுத்தைவிடப் பெரிதாக ஒன்று தன்னிடம் இருந்திருக்கிறது, தானே தூக்கிப் போட்டாலும் போகாமல் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது என்பது அவளுக்கு ஏதோ சாமி காரியம் மாதிரி இருந்தது. வக்கீலம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

செல்லச்சாமிதான் கேட்டான். "அப்பப் பூட்ட எப்பம்மா ஒடைப்பாக?"

கீர்த்திகாவின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "அது வந்துண்ணே... அந்தப் பளைய உத்தரவையே இப்ப நோட்டீசா எடுத்துக்கணுமாம். நீங்க ஒங்க பதிலச் சொல்லணும். தாசில்தாரு ஒங்களக் கூப்பிட்டு முறையாக் கேட்டு, ஆறு வாரத்துல புதுசா ஒரு உத்தரவு போடணும்."

"அதுவரைக்கும்?"

"இருக்கிற நெலமை அப்படியே இருக்கும். ரெண்டு உசுரு போயிருக்குல்ல. பொதுமக்கள் பாதுகாப்புன்னு அரசுத் தரப்புல ரொம்ப அளுத்திச் சொன்னாங்க."

முருகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு கேட்டாள், "அந்தப் பொதுமக்கள்ல நாங்க வருவமாம்மா?"

"வருவீகக்கா. வராம?" என்றாள் கீர்த்திகா. ஆனால் அதைச் சொல்லும்போது அவள் கோப்பின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறு வாரம் என்பது கோர்ட்டுக்கு ஒரு கணக்கு, வயிற்றுக்கு வேறு கணக்கு. ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை மல்லாங்கிணற்றில் மாரிசெல்விக்கு வளைகாப்பு. முருகம்மாள் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து சோறும் குருவம்மாள் வீட்டு அடுப்பில் ஆக்கிக் கட்டிக்கொண்டு போனாள். பொம்பளைகள் வளையல் போட்டார்கள், சந்தனம் தடவினார்கள், எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. அது முடிந்து பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு கிளம்புவதுதான் முறை. மாரிசெல்வி துணிப்பையைக்கூடக் கட்டி வைத்திருந்தாள்.

சம்பந்தி பொன்னுத்தங்கம் நல்ல மாதிரி. அவள் முருகம்மாளை அடுப்படிக்குக் கூப்பிட்டுத்தான் சொன்னாள், நாலு பேர் முன்னால் சொல்லவில்லை.

"மதினி, தப்பா நெனைக்காதீக. சமுதாயக்கூடத்துல புள்ளத்தாச்சிய எப்பிடி வைப்பீக? மள வேற பிடிக்கப் போகுது. இங்கனயே இருக்கட்டும். பேறுகாலத்த நான் பாத்துக்கிடுதேன்."

"அது எப்பிடி மதினி, தலப்பிரசவம்."

"இந்தக் காலத்துல அதெல்லாம் ஆரு பாக்கா? வீடு தொறந்ததும் கூட்டிட்டுப் போங்க. நாங்க ஒண்ணும் சொல்லல."

அந்த ஒண்ணும் சொல்லல என்பதுதான் முருகம்மாளுக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பாள். கைநிறைய வளையலோடு மகள் வாசலில் நிற்க, காலிப் பாத்திரங்களோடு இவள் பஸ் ஏறினாள். காரியாபட்டிச் சாலையில் அவிழ்த்துவிட்ட வெள்ளாடுகள் பஸ்ஸை மறித்து நின்றன. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

தீபாவளிக்கு இரண்டு பேரும் சமுதாயக்கூடத்தில்தான் இருந்தார்கள். ஊரெல்லாம் வெடி. அதில் எந்தக் குழாய் தான் உருட்டியது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

தீபாவளி முடிந்து பன்னிரண்டாம் நாள் விசாரணைக்கு வரச்சொல்லிக் காகிதம் வந்தது. தாசில்தார் அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். அவள் ஆயுசில் எந்த ஆபீசிலும் உட்கார்ந்ததில்லை. தாசில்தார் புதுசாக வந்தவர், வயசானவர், மரியாதையாகப் பேசினார். கீர்த்திகா எழுதிக்கொடுத்த பதிலை வாங்கிக்கொண்டார். "வேற சொல்லணும்னு நெனைக்கிறது எல்லாத்தையும் சொல்லுங்கம்மா. கோர்ட்டு உத்தரவு. நீங்க சொல்றதக் கேக்கத்தான் உக்காந்திருக்கேன்," என்றார். ஒரு பெண் கம்ப்யூட்டரில் தட்டத் தயாராக இருந்தாள்.

கீர்த்திகாவுக்கு அன்று மதுரையில் வேறு வழக்கு. எழுதிக்கொடுத்ததே போதும், கூடப் பேச வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தாள். ஆனால் ஒரு பெரிய மனுஷர் நாற்காலி போட்டு, சொல்லும்மா என்று கேட்டால் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? முருகம்மாள் சொன்னாள். மகள், தலைப்பிரசவம், தொட்டில் கொக்கி, எல்லாம் சொன்னாள். செல்லக்கனியைப் பற்றியும் சொன்னாள். "அவ வீட்ல இடிஞ்சது போக மிச்சத்தப் பூட்டுனது சரி சார். அது மருந்து. எங்கிட்ட இருந்தது காயிதம். இப்பவும் நாங்க பத்துப் பொம்பளைக சமுதாயக்கூடத்துல ஒக்காந்து அதே குளாயத்தான் உருட்டுதோம். விஏஓ சாரு தாண்டித்தான் போறாக. வீட்ல உருட்டுனா வெடி, கெவுருமெண்டுக் கட்டடத்துல உருட்டுனா வெறுங் காயிதமா சார்?"

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதையும் தட்டினாள். தாசில்தார் தலையாட்டினார். "நல்லாச் சொன்னீங்கம்மா," என்றார்.

வெளியே வந்ததும் செல்லச்சாமியே சொன்னான். "பரவால்ல, நறுக்குன்னு கேட்டுட்ட." கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவன் அவளை மெச்சிய தடவைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அன்றைக்கு அவளுக்குப் பசியே இல்லை.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் மாரிசெல்விக்கு விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் பெண் பிறந்தது. மூன்றாம் நாள் வண்டி வைத்து மல்லாங்கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வண்டியில் இடமில்லை என்று முருகம்மாள் பின்னால் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை, தூறல் போட்டுக்கொண்டிருந்த காலை நேரத்தில், விஏஓ மணிகண்டராஜ் சமுதாயக்கூடத்துக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, குழாய்க் கட்டுகளுக்கு நடுவில் நின்று, "உத்தரவு வந்திருக்கும்மா," என்றார்.

அவர் விரலை வைப்பதற்குள் முருகம்மாள் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். "இருங்க சார். வாசிக்கணும்."

பொம்பளைகள் உருட்டுவதை நிறுத்தினார்கள். அவள் எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். நாலு பக்கம், கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு சொல் விடாமல் இருந்தது. அவள் சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது. மனுதாரர் தன் மகளின் முதல் பிரசவம் குறித்துத் தெரிவித்தார், பரிசீலிக்கப்பட்டது. தொட்டில் கொக்கி குறித்துத் தெரிவித்தார், பரிசீலிக்கப்பட்டது. கொக்கிகூட அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்டது. மூன்றாம் பக்கத்தில், மனுதாரர் இன்றளவும் அதே தொழிலில் பிறரோடு சேர்ந்து ஈடுபட்டு வருவதைத் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டுள்ளார் என்று இருந்தது. ஆகவே பொதுமக்கள் பாதுகாப்பை முன்னிட்டு, முத்திரை மறு உத்தரவு வரும்வரை தொடரும் என்று நாலாம் பக்கத்தில் முடிந்திருந்தது.

"கேட்டுட்டுத்தான் பூட்டியிருக்காக," என்றாள் முருகம்மாள், யாரையும் பார்க்காமல்.

"ஆமாம்மா. இப்ப முறைப்படி இருக்கு. வேணும்னா மேல அப்பீல் போகலாம், அதுவும் கடைசில எளுதியிருக்கு." மணிகண்டராஜ் பேனாவை நீட்டினார். விரல் தானாகக் காகிதத்தின் அடியில் போய் நின்றது. "பெற்றுக்கொண்டேன்னு இங்கன ஒண்ணு போட்டுருங்க."

"போட மாட்டேன்."

"போடலேன்னாலும் அதேதாம்மா. கதவுல ஒட்டிட்டு ஒரு போட்டோ எடுத்துட்டா, குடுத்ததாத்தான் அர்த்தம்."

"அப்ப ஒட்டிக்கோங்க. எங்கையெளுத்து கெடையாது." அவள் பேனாவைத் தொடவில்லை. குருவம்மாள், "அப்பிடிச் சொல்லு," என்றாள்.

அவர் கோபப்படவில்லை. அவருக்கு இது வேலை. குருவம்மாளின் பலகை ஓரம் இருந்த டின்னைக் காட்டி, "கொஞ்சம் பசை தாங்கம்மா," என்று கேட்டு வாங்கிக்கொண்டு நடந்தார். முருகம்மாளும் செல்லச்சாமியும் பின்னால் போனார்கள். கதவு மூன்று மாசத் தூசியில் கிடந்தது, தூறலில் அடிப்பக்கம் நனைந்திருந்தது. மணிகண்டராஜ் ஒரே விரலால் பசையைத் தொட்டு, காகிதத்தின் நாலு மூலையிலும் பொட்டு வைத்தது போல் வைத்து ஒட்டினார். காற்றில் மேல் மூலை பெயர்ந்தது. அதை அமுக்கிவிட்டுப் போனை எடுத்தார், கீழ் மூலை பெயர்ந்தது. மறுபடி ஒட்டினார். போனை உயர்த்தியதும் காகிதம் முழுசாக மடிந்து தொங்கியது.

முருகம்மாளுக்குப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. முந்தானையால் கதவைத் துடைத்தாள். "இம்புட்டுக்காணு தடவுனா ஒட்டுமா சார்?" என்று டின்னை வாங்கி, பசையை உள்ளங்கையில் அள்ளிக் காகிதத்தின் முதுகு முழுக்க இழுத்துத் தடவினாள். கதவில் வைத்து, நடுவில் அமுக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்துக்கு என்று உள்ளே காற்று நிற்காமல் நீவிவிட்டாள். ஒரு சுருக்கம் இல்லை. இனி அது மழைக்கும் கிழியாது.

போன் 'கிளிக்' என்றது. அப்போதுதான் அவள் கையை எடுத்தாள்.

மணிகண்டராஜ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஒங்க கையும் விளுந்திருச்சும்மா," என்றார். பிறகு, "அதுவும் நல்லதுதான். ஒங்க முன்னாலதான் ஒட்டுனோம்னு ஆச்சு. கையெளுத்தே வேண்டியதில்ல."

செல்லச்சாமி அவளையே பார்த்தான். கேலியாக ஏதாவது சொல்வான் என்று நின்றாள். அவன் அவள் தரையில் வைத்திருந்த டின்னை எடுத்து மூடியைப் போட்டான்.

பத்தரை மணி பஸ்ஸுக்கு அவள் மல்லாங்கிணறு புறப்பட்டாள். பிள்ளையைக் குளிப்பாட்ட வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். வழியெல்லாம் உள்ளங்கையில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே போனாள், உரிக்க உரிக்க வந்துகொண்டிருந்தது. சம்பந்தி வீட்டில் மாரிசெல்வி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும், "தொறந்துட்டாகளா?" என்றாள். முருகம்மாள் பிள்ளைக்குக் கையை நீட்டினாள்.

"இருங்க மதினி," என்றாள் பொன்னுத்தங்கம், பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு. குரலில் ஒரு குற்றமும் இல்லை. "பசை வாடை அடிக்கி. பூச்சி அரிக்காம மயில்துத்தம் போட்ட பசைல்ல, பச்சப்பிள்ளைக்கு ஆகாது. கையக் களுவிட்டு வாங்க, தாரேன்."

முருகம்மாள் புறவாசலுக்குப் போய்க் குழாயடியில் குனிந்தாள். அந்த வீட்டில் சோப்பு எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டாள்.